மலைநாட்டுச் சபைகளின் கதை – 4: லயத்து வாசலில் நின்றுபோன சட்டம்

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் 33 என்று ஒரு பிரிவு இருக்கிறது. சபை தன் நிதியை எங்கே செலவிடலாம் என்று வரும்போது கிராமங்களை மட்டுமே நினைத்து எழுதப்பட்ட பிரிவு அது. கண்டிக்குத் தெற்கே புசல்லாவையிலும் தெல்தோட்டையிலும், கிழக்கே பன்விலையிலும் ரங்கலையிலும் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளான லயங்களில் குடியிருந்த மக்களுக்கு அதில் இடம் இருக்கவில்லை. அவர்கள் பிரதேச சபைத் தேர்தலில் வாக்களித்தார்கள். அவர்கள் வாக்கால் வென்றவர்கள் சபையில் போய் உட்கார்ந்தார்கள். ஆனால் தங்களை அனுப்பிய லயத்துக்குப் போகும் பாதையில் ஒரு கூடை கல் கொட்டவும் அந்த உறுப்பினர்களால் முடியவில்லை. இந்த நிலை முப்பது ஆண்டுகள் நீடித்தது.

வாக்குரிமையும் சபையின் சேவையும் இப்படித் தனித்தனியே பிரிந்து நின்றது எப்படி? 1987இல் சட்டம் எழுதியவர்களின் கவனப்பிழை என்று இதைத் தள்ளிவிட முடியாது. வேர் ஒரு நூற்றாண்டுக்கும் முன்னால் போகிறது.

1865ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொழும்போடு சேர்ந்து கண்டிக்கும் மாநகர சபை கிடைத்தது. நியமன உறுப்பினர்களோடு தேர்ந்தெடுக்கப்பட்டவர்களும் அதில் அமர்ந்தார்கள். சொத்துள்ளவருக்கு மட்டுமே வாக்கு என்றாலும், இந்தத் தீவில் தேர்தல் என்ற ஒன்று கால்வைத்த முதல் இடங்களில் கண்டியும் ஒன்று. நகரத்துக்கு வெளியே, 1871ஆம் ஆண்டுக் கிராமச் சமூகங்கள் சட்டம் பழைய கன்சபாக்களுக்கு மறுபடி உயிர் கொடுத்தது. வயலுக்கு நீர் பாய்ச்சும் முறை, வேலி, பாதை, சிறு வழக்கு ஆகியவற்றைக் கிராமத்தார் கூடிப் பேசித் தீர்க்கும் சபைகள் அவை.

நகரம், கிராமம் இரண்டுக்கும் நடுவில், மலைச்சரிவு முழுவதும் மூன்றாவதாக ஒன்று வளர்ந்திருந்தது. 1820களில் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியவில் ஜோர்ஜ் பேர்டும், கன்னொருவையில் தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸும் கோப்பி பயிரிட்டார்கள். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழிக்க, அடுத்த இருபது ஆண்டுகளில் மலை முழுவதும் தேயிலைக்கு மாறியது. மன்னாரில் இறங்கி, காட்டுவழி நடந்து, மாத்தளை தாண்டி வந்த தமிழ்நாட்டுத் தொழிலாளர்களை இந்தத் தோட்டங்கள் லயங்களில் குடிவைத்தன.

தோட்டத்துக்குள் அரசாங்கம் என்றால் தோட்டத்தை நடத்திய துரைதான். காம்பரா அவர் கொடுத்தது, பீலித் தண்ணீர் அவர் விட்டது, அரிசி அவர் ஸ்டோரில் அளந்தது. தொழிலாளரின் வைத்தியத் தேவைகளைப் பற்றி 1912இல் வந்த சட்டமும் கடமையைத் தோட்ட நிர்வாகத்தின் மேல்தான் வைத்தது. பாதை தோட்டத்துக்குச் சொந்தம். வெளியாள் உள்ளே வர வேண்டுமானால் அனுமதி கேட்க வேண்டும். பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் கன்சபா கூடும்போது, ஒரு மைல் மேலே இருந்த லயத்துக்கு அதில் சொல்ல ஒன்றும் இல்லை, கேட்கவும் ஒன்றும் இல்லை. ஒரே மலையில் இரண்டு ஆட்சிகள் நடந்தன. ஒன்றில் கிராமத்தார் கூடிப் பேசினார்கள். மற்றதில் விடியற்காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிட்டார்கள்.

1931இல் டொனமூர் அரசியலமைப்பு சர்வசன வாக்குரிமையைக் கொண்டுவந்தது. இந்தியத் தொழிலாளருக்கு மட்டும் வதிவிடம், நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ் என்று நிபந்தனைகள் வைத்தார்கள். அப்படியும் ஒரு பகுதியினரால் அரசாங்க சபைத் தேர்தலில் வாக்களிக்க முடிந்தது. நாட்டின் சட்டசபைக்கு வாக்களித்த அதே மனிதரால், தன் கிராமச் சபைக்கு வாக்களிக்க முடியவில்லை. இந்த முரண்பாடு 1937–38இல் வெடித்தது.

அப்போது உள்ளூர் நிருவாக அமைச்சர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க. கிராமச் சபைகளை ஜனநாயகமாக்க வேண்டும் என்பதில் அவருக்கு மெய்யான அக்கறை இருந்தது. பழைய சட்டத்தில் ஐரோப்பியர், பறங்கியர், தோட்டத்து இந்தியத் தொழிலாளர் ஆகியோருக்குக் கிராமச் சபை வாக்கு இல்லை. அவர் கொண்டுவந்த திருத்தம் முதல் இரு சாராருக்கும் கதவைத் திறந்தது. மூன்றாமவர் வெளியிலேயே நின்றார்கள். இது இனப் பாகுபாடு என்று இந்திய அரசாங்கம் ஆட்சேபித்தது. மசோதா திருத்தப்பட்டது. எப்படி? இந்தியர் என்ற சொல் போயிற்று. தோட்டத்தில் முதலாளி கொடுத்த லயத்தில் குடியிருக்கும் எந்த இனத் தொழிலாளிக்கும் வாக்கு இல்லை என்று எழுதினார்கள். லயத்தில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். 1938இல் அது சட்டமாயிற்று. இனத்தின் பெயரால் மூடியிருந்த கதவு, முகவரியின் பெயரால் மூடப்பட்டது.

மறுதரப்பின் நியாயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1840ஆம் ஆண்டு முடிக்குரிய காணிச் சட்டத்தால் கண்டியக் கிராமத்தவர் தங்கள் காட்டையும் சேனையையும் இழந்தவர்கள். அந்த நிலத்தில் எழுந்த தோட்டம் அவர்களின் கிராமத்தை மூன்று பக்கமும் நெருக்கியது. தோட்டத்து ஆட்கள் எண்ணிக்கையால் தங்கள் சபையை மூழ்கடித்துவிடுவார்கள் என்ற அச்சம் அவர்களுக்கு உண்மையாகவே இருந்தது. ஆனால் நிலத்தைப் பறித்தவன் லயத்தில் இருந்த கூலியாள் அல்லன். பறித்தவனுக்கு 1938இல் வாக்குக் கிடைத்தது. பறித்த நிலத்தில் உழைத்தவனுக்கு மறுக்கப்பட்டது. கிராமத்தையும் லயத்தையும் ஒரே சபையில் உட்காரவைத்திருந்தால், இருவரும் சேர்ந்து தோட்டத்தின் மேல் வரி போட்டிருக்க முடியும், பாதை கேட்டிருக்க முடியும். அந்த வாய்ப்பை அந்தச் சட்டம் ஐம்பது ஆண்டுகளுக்குத் தள்ளிப்போட்டது என்பதே இத்தொடரின் கணிப்பு.

அடுத்து வந்தவை பலரும் அறிந்தவை. 1939 ஜூலையில் நேரு வந்தார்; இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. 1947 பாராளுமன்றத் தேர்தலில் அதன் சார்பில் ஏழு பேர் வென்றார்கள். நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கமும் அலுத்நுவரையில் டி. இராமானுஜமும் அவர்களில் அடக்கம். மறு ஆண்டே தோட்டத் தமிழரை நாடற்றவராக்கிய பிரஜாவுரிமைச் சட்டம். பிறகு அவர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். கண்டி ரயில் நிலையத்தில் மூட்டை முடிச்சுகளோடு பிரிந்துபோன குடும்பங்கள். நாட்டுக்கே வாக்கு இல்லாதபோது ஊர்ச் சபை வாக்கைப் பற்றிக் கேட்பார் இல்லை. நாற்பது ஆண்டுகள் இப்படியே கழிந்தன. 1986, 1988 சட்டங்களும் கடைசியாக 2003ஆம் ஆண்டுச் சட்டமும்தான் நாடற்றவர் என்ற பெயரைத் துடைத்தன.

இதற்கிடையே உள்ளூராட்சியே உருமாறியது. 1981இல் கிராமச் சபைகளும் பட்டினச் சபைகளும் கலைக்கப்பட்டு மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தன. அவை நிலைக்கவில்லை. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் மாகாண சபைகளை உருவாக்கி, உள்ளூராட்சியை அவற்றின் பொறுப்பில் கொடுத்தது. அதே ஆண்டுச் சட்டத்தால் 1988 ஜனவரியில் பிரதேச சபைகள் பிறந்தன. முதல் தேர்தல் 1991இல் நடந்தது. தோட்டங்கள் பிரதேச சபையின் எல்லைக்குள் வந்தன. லயத்து மக்களின் பெயர்கள் வாக்காளர் பட்டியலில் ஏறின. 1938இன் தடை ஒருவழியாக நீங்கியது.

நீங்கியது வாக்குத் தடை. பணத்துக்கான தடை 33ஆம் பிரிவில் ஒளிந்திருந்தது.

அது நடைமுறையில் வேலை செய்த விதத்தைப் பார்க்க வேண்டும். தோட்டத்து உறுப்பினர் ஒருவர் லயத்துப் படிக்கட்டைக் கட்ட முன்மொழிவார். சபைச் செயலாளர் சட்டத்தை எடுத்துக் காட்டுவார்: இது கிராமம் அல்ல, தோட்ட நிர்வாகத்தின் நிலம், பொதுப் பணத்தைப் போட்டால் கணக்காய்வில் கேள்வி வரும். செயலாளர் சொன்னதில் பொய் இல்லை. அவரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். உறுப்பினர் தோட்டத்து ஆபீஸுக்குப் போவார். கம்பனியோ, வீடும் வசதியும் ட்ரஸ்டின் வேலை என்று கைகாட்டும். ட்ரஸ்ட் என்று தோட்டங்களில் அழைக்கப்படும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம், தோட்டங்கள் 1992இல் கம்பனிகளிடம் கைமாறிய காலத்தில் தொடங்கிய ஏற்பாடு. அதன் நிருவாகத்தைத் தொழிலாளர் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. கடைசியில் உறுப்பினர் தன் தொழிற்சங்கத் தலைவரிடம் போய், அவர் வழியாக அமைச்சர் ஒருவரின் நிதியில் கொஞ்சம் கேட்டு வாங்குவார். படிக்கட்டு வந்தால் அதில் அமைச்சரின் பெயர்ப் பலகை இருக்கும். உரிமையாகக் கிடைத்திருக்க வேண்டியது, ஒருவரின் தயவாகக் கிடைக்கும். மலையகத்தில் சங்க அரசியல் இவ்வளவு இறுக்கமாகத் தலைவர்களைச் சுற்றிக் கட்டப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு பக்கத்தையும் மறக்கக் கூடாது. நிலையான பயிர்ச்செய்கை உள்ள பெருநிலங்களிடம் ஏக்கர் வரி வாங்கும் அதிகாரத்தைப் பிரதேச சபைகளுக்கு அதே 1987ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்திருந்தது. தேயிலை நிலத்திலிருந்து வரி சபைக்கு வரலாம். அந்தத் தேயிலையைப் பறிப்பவர் நடக்கும் பாதைக்குச் சபையிலிருந்து பணம் போகக் கூடாது. லயத்தார் சோலை வரி கட்டுவதில்லையே, அவர்களுக்கு எப்படிச் செலவழிப்பது என்று கேட்டவர்களுக்கு இந்த ஒரு கணக்கே போதுமான பதில்.

கண்டி மாவட்டத்தில் இதற்குத் தனியாக ஒரு முகம் உண்டு. நுவரெலியாவில் பெரும்பாலான தோட்டங்கள் கம்பனிகளிடம் போயின. கண்டியைச் சுற்றி உள்ள பல தோட்டங்கள் அரசின் கையிலேயே தங்கின. லூல்கந்துரவும் ஹந்தானையும் அரசின் பெருந்தோட்ட நிறுவனமான ஜனவசமவின் தோட்டங்கள். இன்னும் சில அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்தின் கீழ் இருக்கின்றன. நட்டத்தில் ஓடி, தொழிலாளரின் சேமலாப நிதியையும் பாக்கி வைத்த தோட்டங்கள் இவற்றில் உண்டு. இங்கே நிலமும் அரசுடையது, நிர்வாகமும் அரசுடையது. அப்படியிருந்தும் அரசின் இன்னொரு கையான பிரதேச சபை உள்ளே வர முடியாமல் நின்றது. தனியார் சொத்து என்ற வாதம் அரசாங்கத் தோட்டத்தில் எந்த நியாயத்தின் பேரில் செல்லுபடியானது என்று யாரும் விளக்கியதில்லை. கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து சில மைல் தூரத்தில் ஹந்தானைத் தொழிற்சாலை தேயிலை அருங்காட்சியகமாகி, உலகெங்குமிருந்து பயணிகள் வருகிறார்கள். அந்தத் தேயிலையை வளர்த்தவர்களின் குடியிருப்புகள் அதே மலையில்தான் இருக்கின்றன.

33ஆம் பிரிவை மாற்ற வேண்டும் என்ற குரல் பலமாக எழுந்ததில் கண்டிக்குப் பங்கு உண்டு. அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் தொடங்கிய சத்தியோதய நிலையம், தோட்ட மக்களின் குடியுரிமையையும் கிராமத்தோடு அவர்களுக்குள்ள உறவையும் சேர்த்துப் பேசிய ஆரம்ப இடங்களில் ஒன்று. சிங்களக் கிராமத்தவரும் தமிழ்த் தோட்டத்தவரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசிய அனுபவம் அங்கே இருந்தது. பிறகு பெ. முத்துலிங்கம் வழிநடத்திய, கண்டியில் இயங்கும் சமூக அபிவிருத்தி நிறுவகம் இந்தச் சட்டத் திருத்தத்தைக் கையில் எடுத்து, ஆண்டுக்கணக்காகக் கருத்தரங்கு, மனு, அரசியல்வாதிகளுடன் சந்திப்பு என்று விடாமல் நடத்தியது. கம்பளை–புசல்லாவைப் பக்கம் பழைய பீகொக் தோட்டத்து லயத்தில் 2007இல் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகத்தை அமைத்ததும் அதே நிறுவகம்தான். 2015க்குப் பிறகு தமிழ் முற்போக்குக் கூட்டணி இதைப் பாராளுமன்றத்துக்குக் கொண்டுபோனது. நுவரெலியா உறுப்பினர் மயில்வாகனம் திலகராஜ் அவையில் திரும்பத் திரும்ப எழுப்பினார். 2018இல் திருத்தம் நிறைவேறியது. தோட்டக் குடியிருப்புகளுக்கும் வீதி, கிணறு, பொதுவசதி செய்துகொடுக்கப் பிரதேச சபைக்குச் சட்டப்படி வழி பிறந்தது. மலைநாட்டில் புதிய கிராமங்களை அமைக்கும் அதிகார சபைக்கான 32ஆம் இலக்கச் சட்டமும் அதே ஆண்டில் வந்தது.

அந்த ஆண்டு பெப்ரவரி 10ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலும் புதிய முறையில் நடந்தது. 60 விழுக்காடு வட்டாரம், 40 விழுக்காடு விகிதாசாரம், பெண்களுக்கு 25 விழுக்காடு. அதுவரை நாடெங்கும் உள்ளூராட்சிச் சபைகளில் பெண்கள் 2 விழுக்காட்டைச் சுற்றித்தான் இருந்தார்கள். தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். தண்ணீர், மலசலகூடம், பிள்ளைக்காம்பரா ஆகியவற்றின் குறை முதலில் தெரிவது அவர்களுக்கு. அவர்களில் சிலர் முதன்முறையாகச் சபைக்குள் நுழைந்தது இந்த ஒதுக்கீட்டால்தான். நுவரெலியா மாவட்டத்தில், பெருத்துப் போயிருந்த நுவரெலியா, அம்பகமுவ சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டன. கண்டியில் நிலை வேறு. 2012 கணக்கெடுப்பின்படி கண்டி மாவட்டத்தில் இந்திய வம்சாவளித் தமிழர் ஏறத்தாழ 6 விழுக்காடு. உடபலாத்த, பாத்தஹேவாஹெட்ட, பன்வில, மெததும்பர என்று பல சபைகளில் சிதறி வாழ்கிறார்கள். பெரும்பான்மை பலத்தால் எந்தச் சபையையும் கைப்பற்ற அவர்களால் இயலாது. கிராமத்தவரின் பிரதிநிதிகளோடு பேசி, இணங்கி, கேட்டுத்தான் பெற வேண்டும். 1938இல் பறிபோன அந்த ஒரே மேசை, கண்டியில்தான் மிகவும் தேவைப்படுகிறது.

இதே தொழில், இதே தமிழ், வேறொரு மலையில் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது பயன் தரும். இந்தியாவின் 73ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு கேரளம் 1996இல் மக்கள் திட்டத்தைத் தொடங்கி, மாநிலத் திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளூராட்சிகளுக்குக் கொடுத்தது. பிறகு பெண்களுக்குப் பாதி இடம் ஒதுக்கியது. அந்த மாநிலத்தின் மூணாறு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் 2015 செப்டெம்பரில் சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவைத்துவிட்டு வீதியில் உட்கார்ந்து போராடினார்கள். இரண்டே மாதத்தில் வந்த உள்ளாட்சித் தேர்தலில் அவர்களின் முன்னணியில் நின்ற ஜி. கோமதி தேவிகுளம் ஒன்றிய ஊராட்சிக்கு வென்றார். சபை கையெட்டும் தூரத்தில், பணத்தோடு இருந்ததால்தான் போராடிய பெண்ணுக்கு அடுத்து எங்கே போவது என்று தெரிந்தது.

கண்டிக்குத் திரும்பினால், 2018 திருத்தத்தின் பலனை மக்கள் அனுபவிக்கத் தொடங்கும் முன்பே சபைகள் இல்லாமல் போயின. அந்தச் சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. மார்ச் 9இல் நடக்கவிருந்த தேர்தல், திறைசேரி பணம் விடுவிக்காததால் நின்றது. வேட்புமனுக் கொடுத்தவர்கள் காத்திருந்தே களைத்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நாட்டின் உள்ளூராட்சியை ஏறக்குறைய முழுவதும் செயலாளர்களும் ஆணையாளர்களும் நடத்தினார்கள். தேர்தலை நடத்தாதது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஆகஸ்ட் 22இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6இல் வாக்களிப்பு நடந்தது. ஆனால் சபைகளுக்கு மேலே இருக்க வேண்டிய மத்திய மாகாண சபை 2018இல் கலைந்தது. அதற்குப் பிறகு தேர்தலைக் காணவில்லை.

திருத்தப்பட்ட சட்டத்திலும் பிரச்சினை முழுதாகத் தீர்ந்துவிடவில்லை. நிலம் இன்னும் தோட்ட நிர்வாகத்தின் பிடியில்தான் இருக்கிறது. லயத்துக் குடும்பத்துக்கு வீட்டிலக்கமோ உறுதிப் பத்திரமோ பெரும்பாலும் இல்லை. கடிதம் தோட்டத்து ஆபீஸுக்கு வந்து கைமாறிப் போகிற தோட்டங்கள் இன்றும் உண்டு. பாதையைச் சபை ஏற்று வர்த்தமானியில் பிரசுரிக்க வேண்டுமானால் தோட்டம் அதை விட்டுக்கொடுக்க வேண்டும். இவற்றை மாற்றப் பாராளுமன்றம் தேவை. அதுவரை இருக்கும் சட்டத்தை வைத்தே செய்யக்கூடியவையும் உண்டு. அரசியலமைப்பின் 20ஆம் உறுப்புரை, உள்ளூராட்சி உறுப்பினர் தமிழிலேயே சபையில் கடமையாற்றலாம் என்கிறது. சிங்களம் தெரியாது என்று எந்தத் தோட்டத்து உறுப்பினரும் வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. பிரதேச சபையின் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊர்மக்களையும் சேர்க்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

இத்தொடரைப் படிக்கும் தோட்டத்து இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் பிரதேச சபைக்குத் தமிழிலேயே ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். இரண்டு கேள்விகள் போதும்: உங்கள் தோட்டத்திடமிருந்து சபைக்குக் கடந்த ஐந்து ஆண்டுகளில் வந்த ஏக்கர் வரி எவ்வளவு? 2018க்குப் பிறகு உங்கள் தோட்டத்துக் குடியிருப்புகளுக்குச் சபை செலவழித்தது எவ்வளவு? தகவல் தருவதா இல்லையா என்ற முடிவைச் சபையின் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். கிடைக்கும் விடையை, ஆண்டு முடிவதற்குள் வரும் வரவு செலவுத் திட்டக் கூட்டத்துக்கு முன்னால் உங்கள் வட்டார உறுப்பினரின் கையில் கொடுங்கள்.

(தொடரும்)